பத்தேகால் அடிக்கு எட்டே முக்கால்

வேளாண் உதவியாளர் பட்டுக்கோட்டைக்கு
மாற்றலாகிப் போனபின் மாடி அறையில் மிஞ்சியவை
இரண்டு ஆணி, கொசுவலைக் கயிறு,
சுவரில் அவர் தலை சாய்த்த எண்ணெய்க் கறை.
இனி வாடகைக்கு இல்லை என்று சொல்லிவிட்டு
டேப்பை விரித்தேன்.
பத்தேகால் அடிக்கு எட்டே முக்கால்.
கதவு உள்பக்கம் திறப்பதால் ஒரு மூலை போயிற்று.
சன்னலை மறிக்க முடியாது.
ஸ்விட்ச்போர்டு இருக்குமிடத்தில்
சரக்குக் கொட்டகை வந்து முட்டுகிறது.

தச்சர் சவரிமுத்து கேட்டார்:
"கட்டிலா?"
இல்லை.
"படிக்கிற மேசையா?"
இல்லை, ரயில்.
பென்சிலைக் காதில் செருகினார்.
"எந்தப் பிள்ளைக்கு?"
எனக்குத்தான் என்றேன்.
நாற்பத்தாறு வயது, கூட்டுறவு வங்கியில் கணக்கர்,
தினம் இரண்டு வேளை ரயில்வே கேட்டில்
எஞ்சின் தலை மாற்றிக்கொள்வதைப் பார்த்து நிற்பவள்.
அவர் பலகை கணக்குப் போட ஆரம்பித்தார்.

வாங்கிய புத்தகத்தில் எந்த வரைபடத்தைத் திருப்பினாலும்
ஒரு மலை. மலைக்குள் சுரங்கம்.
இந்தப் பக்கம் நுழைந்த வண்டி
வேறு ஊரிலிருந்து வருவதுபோல்
அந்தப் பக்கம் வெளிவரும்.
அறை சின்னது என்பதை
மலைதான் மறைத்துக்கொடுக்கிறது.
நான் மலைக்கு எங்கே போவேன்?
நீடாமங்கலத்தில் நின்று பார்த்தால்
கண்ணுக்கு உயரம்
கொள்முதல் நிலையத்து நெல்மூட்டை அட்டிதான்,
அதுவும் தார்ப்பாய் போர்த்தி.
சரி, அட்டிக்குப் பின்னால் ஒரு வளைவு.
மூங்கில் கொல்லைக்குப் பின்னால் இன்னொன்று.
மூன்றாவது தெரிந்துவிட்டுப் போகட்டும்.

எண்பத்தேழில் ஒன்றாகச் சுருக்கியும்
மன்னார்குடி என் வாசலைத் தாண்டி
ஆவின் பூத்தருகே போய் விழுந்தது.
கொசுவம் வைப்பதுபோல்
வயல்களை மடித்து மடித்து உள்ளே இழுத்தேன்.

ரசமட்டத்தில் குமிழி மேற்கே ஒதுங்கியது.
"தரை கிழக்கே வாட்டமா இருக்கு,
முட்டுக் கொடுத்துச் சரி பண்ணிடவா?"
வேண்டாம், ஆறும் அப்படித்தான் போகிறது.
"நிக்கிற பெட்டி உருளுமே."
சக்கரத்துக்கு ஒரு கல் வைத்துக்கொள்கிறேன்.

கேட் விஷயம் வந்ததும்
அவருக்கே ஆர்வம் பிடித்துக்கொண்டது.
"எவ்வளவு நேரம் மூடி வைப்பீங்க?"
இங்கே இருபது நிமிஷம் என்றால்
எண்பத்தேழால் வகுத்துப் பதினாலு விநாடி.
"பதினாலா?
பதினாலுல எனக்குக் கோபமே வராதே."
அவர் சொன்னதில் நியாயம் இருந்தது.
இருபது நிமிஷமே வைத்துக்கொண்டேன்.
மூன்று லாரி, ஒரு மினி பஸ்,
கம்பிக்கு அடியில் மொபெட்டைச் சாய்த்து நுழைக்கிற ஒருவன்,
ஹெல்மெட்டைக் கழற்றிக் கண்ணாடியில் மாட்டியபடி
இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவாக
நான்.

மிச்சம் இருந்தது தேதி.
பொம்மை ஊருக்கு ஒரு நாள்தான் உண்டு,
அது எந்த நாள்?
சம்பா கதிர் என்றால் எங்கும் ஒரே மஞ்சள்.
கார்த்திகை என்றால் எங்கும் தண்ணீர்,
தண்டவாளமே வரப்புபோல் ஆகிவிடும்.
கோடை என்றால் மணல், கருவேலம், கிரிக்கெட் ஸ்டம்ப்.
நான்கு இரவு யோசித்தேன்.
மேட்டூர் திறந்து, கல்லணை தாண்டி,
மூணாறு தலைப்பில் பிரிந்த தண்ணீர்
பாலத்துக்கு இன்னும் பத்தடி இருக்கையில்
நிற்கிற நாள்.
முன்னால் நுரை, சருகு, ஒற்றைச் செருப்பு.
பின்னால் ஆறு.
பாலத்துக்குக் கீழே வறண்ட மணல்,
மேலே காரைக்குப் போகும் காலி வேகன்கள்.
அந்தப் பத்தடியை வார்னிஷில் கொண்டுவர முடியுமா
தெரியவில்லை.
ஒரு தேங்காய்த் தொட்டியில் ஊற்றிப் பார்த்ததில்
குமிழ் குமிழாக வந்து கெட்டுப்போனது.

பலகை வெள்ளிக்கிழமைதான் வரும்.
அதுவரை தரையில் சாக்பீஸ் கோடுகள்.
நேற்றிரவு திடீரென்று மழை.
வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு
மூன்றையும் இரண்டு எட்டில் தாண்டிப் போய்
சன்னலைச் சாத்தினேன்.
திரும்பும்போது
காலில் ஒட்டிய ஈரத்தில்
பாமணியாறு கொஞ்சம் அழிந்திருந்தது.